கதவு: அறுபத்து மூன்று இடங்கள்

திருகோணமலைத் துறைமுகத் தெருவில் இருந்த பழைய கயிற்றுக் கிட்டங்கியைக் கழுவித் துடைத்து ஆய்வு அலுவலகமாக்கியிருந்தார்கள். லக்சாயினிக்குக் கிடைத்தது பின் அறை. அதற்குச் சன்னல் கிடையாது. சுவரில் கை வைத்தால் உப்பு ஒட்டும். எவ்வளவு கழுவியும் கயிறுகளுக்குப் பூசிய தாரின் வாடை போகவில்லை. மத்தியானச் சாப்பாடு முடித்து அவள் வந்து உட்கார்ந்தபோது மணி இரண்டு.

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற நாற்பது பேரின் பேட்டிகள் அவள் கணினியில் இருந்தன. மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். நாற்பதையும் யார் உட்கார்ந்து வாசிப்பது? மென்பொருளில் ‘விபத்து’ என்று ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். யாருடைய பேட்டியில் அது எத்தனை இடத்தில் வருகிறது என்று சுருக்கப் பட்டியல் வந்துவிடும். சொல்லுக்கு முன்னும் பின்னும் அரை வரியும் காட்டும். நுனிப்புல் மேய இதைவிட வசதி வேறில்லை.

தேடிய சொற்களில் ஒன்றுகூட வராத பேட்டியை அவள் வாசிக்காமலே அழித்துவிடுவாள். அப்படி அழிந்தது ஒன்றே ஒன்று, இதே கிட்டங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்த தம்பிராசாவுடையது. மனுசன் மூன்று மணித்தியாலம் கதைத்தார். ஒலிப்பதிவுக் கருவியை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் அறையில் ஒருமுறை அகப்பட்டதாக ஏதோ சொன்னது மட்டும் ஞாபகம். போன மாதம் அவர் செத்துப்போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்றுத்தான் என்று எழுந்துபோய் இழுத்தாள். அசையவில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. போன் முன் அறையில் சார்ஜில் கிடந்தது. காவல்காரர் முருகேசுவைக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். தாரின் வாடை கூடிக்கொண்டே வந்தது. மூச்சை இழுத்து இழுத்து விட வேண்டியிருந்தது.

அகப்பட்ட மனுசன் எப்படி வெளியே வந்தார்?

ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று ‘கதவு’ என்ற சொல்லைத் தேடினாள். முப்பத்தொன்பது பேருக்குப் பூச்சியம். தம்பிராசா: அறுபத்து மூன்று. பேட்டி அழிந்தாலும் சுருக்கம் அழியாமல் கிடந்தது.

“...கதவு தானாச் சாத்துப்பட்டது, காத்து எண்டு நினைச்சன்...”

“...கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு, வெளியில ஆக்கள் கதைக்கினம்...”

“...அந்தக் கதவால வெளியில வர ஒரு வழிதான், அதென்னெண்டால்...”

அரை வரி அதோடு நின்றது. முழுப் பேட்டியைத் திறக்க அமத்தினாள்.

கோப்பு இல்லை என்றது கணினி.

அவள் தன் கையாலேயே அழித்தது. வாய்விட்டு அழுதாள்.

அப்போது வெளியே செருப்புச் சத்தம்.

“முருகேசண்ணை! கதவைத் திறவுங்கோ! எனக்கு ஏலாது!”

செருப்புச் சத்தம் நின்றது. முருகேசுவின் குரல் தெளிவாகக் கேட்டது. “கதவை ஆவெண்டு திறந்து போட்டிட்டு இந்தப் பிள்ளை எங்கை போட்டுது?”

கதவு அவள் கண் முன்னால் மூடியேதான் இருந்தது. ஆனால் செருப்புச் சத்தம் உள்ளே வந்தது.

அவளைக் கடந்து போனது.

“அண்ணை, நான் இஞ்சைதான் நிக்கிறன்!” காற்றில் கை வீசித் துழாவினாள். ஒன்றும் படவில்லை. யாரும் தொடாமலே கணினியின் மூடி மெல்லக் கவிழ்ந்தது. சுவிட்ச் சத்தம் கேட்டது, விளக்கு அணைந்தது. செருப்புச் சத்தம் முன் வாசல்வரை போய்த் தேய்ந்தது.

கும்மிருட்டு. தன் மூச்சு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தாள்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மற்ற மூச்சு நிற்கவில்லை.

எதிரே ஒரு கதிரை இழுபட்டது. யாரோ மெல்ல அமர்ந்து தொண்டையைச் செருமினார்கள்.

“இப்ப நேரம் கிடக்குத்தானே, பிள்ளை? முதலில இருந்து சொல்லுறன்.”