எண்ணம் தெரியாதவர்கள்

தூத்துக்குடிப் பெண்கள் அணி அந்த ஆண்டு லீக்கில் கடைசி இடம் பிடித்தது. முக்கால்வாசி ஆட்டம் கையில் இருக்கும். கடைசி நாலைந்து ஓவரில் மொத்தமும் நழுவிவிடும். சீசன் முடிந்த மறுநாளே, கடைசி ஓவர்களை வீசிய மூவரையும் நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த சீசனுக்குள் புது ஆட்களைத் தயார் செய்யும் பொறுப்பு பந்துவீச்சுப் பயிற்சியாளர் பிலோமினாவின் தலையில் விழுந்தது. அவளும் ஒரு காலத்தில் கடைசி ஓவர் வீசியவள்தான்.

அனுப்பப்பட்டவர்கள் மீது தவறில்லை என்று அவளுக்குத் தெரியும். எதிரணியின் ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் எண்ணங்காட்டி இருந்தது.

மனிதர் ஒரு காரியத்தைச் செய்வதற்குச் சற்று முன்பே அதற்கான சலனம் தசைகளில் ஓடிவிடுகிறது. அதைத் தூரத்திலிருந்தே படிக்கும் கருவி அது. மனதை அது படிப்பதில்லை. ஆனால் மக்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. முதலில் அது வந்தது தானோடி வண்டிகளுக்காக. சாலையோரம் நிற்பவர்களில் யார் காலை எடுத்து வைக்கப்போகிறார், யார் சும்மா நிற்பார் என்று வண்டிக்கு முன்கூட்டியே தெரிந்தது. கடக்க முனைபவருக்கு வேகம் குறைந்தது. நிற்பவரைக் கண்டெய்னர் லாரிகள் ஒரு சாண் இடைவெளியில், முழு வேகத்தில் தாண்டிப் போயின. சிக்னல் போயிற்று, ஹாரன் போயிற்று. சாலையைத் திரும்பிப் பார்க்காமலே கடக்கும் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

தலையில் பந்து பட்டு யாரும் விழக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில் கிரிக்கெட்டுக்கும் அது வந்தது. புதுப் பந்து காற்றில் எப்படி வளையும் என்பது வீசுகிறவளுக்கே தெரியாது. அதனால் தொடக்க ஓவர்கள் தப்பின. ஆனால் கடைசி ஓவர் என்பது முழுக்க ஏமாற்று. காலடியில் விழும் யார்க்கரா, தலைக்கு எழும்பும் பவுன்சரா, மெதுவான பந்தா? அந்த ஏமாற்று முழுவதும் வீசுகிறவளின் தோளிலும் மணிக்கட்டிலும் இருந்தது. மட்டையாளர் அதைக் கண்ணெதிரே எழுத்தாகப் படித்தாள்.

நிர்வாகம் கார்மேகம் என்ற நரம்பியல் மருத்துவரை அழைத்து வந்தது. தயங்கித் தயங்கிப் பேசுகிற மனிதர். அவர் கண்டுபிடித்தது மறையிழை. முடியைவிட மெல்லிய இழையைப் பிடரித் தோலுக்கடியில் செருகினால், கையைத் தூக்கும் முன்பு, தூக்குவது, இறக்குவது, திரும்புவது, குனிவது எல்லாவற்றின் சலனமும் ஒரே நேரத்தில் தசைகளில் ஓடும். எண்ணங்காட்டிக்கு வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும்.

"மைதானத்துல மட்டும் ஓட விடுவோம். வெளிய வந்ததும் அணைச்சிரலாம்," என்றார்.

பிலோமினா புதிதாகத் தேர்ந்தெடுத்திருந்தது இரண்டு பெண்களை. ஒருத்தி சாயர்புரத்து இசக்கியம்மாள். பேச்சு குறைவு, மணிக்கட்டு பாம்பு போல. இன்னொருத்தி காயல்பட்டினத்து முபீனா. வாய் ஓயாது, யார்க்கர் தவறாது. அவர்களுக்கு முன்னால் தனக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பிலோமினா பிடிவாதமாக நின்றாள். வலி இல்லை. ஒரு வாரம் கழித்துப் பெண்கள் இருவரும் போட்டுக்கொண்டார்கள்.

வலைப்பயிற்சியில் சொந்த அணியின் மட்டையாளர்களே திணறினார்கள். இசக்கி ஓடி வருவாள்; ஹெல்மெட்டுக்குள் சாம்பல் நிறம் மட்டும் படரும்; மட்டை எங்கோ போகும், பந்து எங்கோ போகும். தன் காலத்து ஆட்டம் திரும்பி வந்துவிட்டதாகப் பிலோமினாவுக்குத் தோன்றியது. அந்த மகிழ்ச்சியில், வங்கிக் கதவு தனக்குத் திறக்காததையும் லிஃப்ட் தன்னை ஏற்றாமல் போனதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவு பழுதென்று நினைத்தாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை. பயிற்சி முடித்து மூவரும் எதிர்ச்சாரிக் கடைக்கு டீ குடிக்கக் கிளம்பினார்கள். இழைகளை அணைத்தாகிவிட்டது. முபீனா தன் அக்கா மாப்பிள்ளையைக் கேலி செய்து ஏதோ கதை சொல்லிக்கொண்டே, முகத்தைப் பின்னால் திருப்பியபடி சாலையில் இறங்கினாள். துறைமுகத்திலிருந்து வந்த லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை.

பிலோமினா பிடிக்கக் கையை நீட்டினாள். கைக்கு அகப்பட்டது முபீனாவின் துப்பட்டா நுனி மட்டும். அது விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போனது.

லாரி வெகுதூரம் தள்ளிப் போய் நின்றது. அதன் பக்கவாட்டுத் திரையில், மோதிய பொருள் என்ற இடத்தில் 'கம்பம்' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், யாரும் கிட்டே வரவில்லை. சாலையில் அடிபட்ட ஒருவரை அவர்கள் யாரும் கண்டதே இல்லை. எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. ஓடிவந்த இளம் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிலோமினாவும் இசக்கியும்தான் அவளைக் கடைப் பலகையில் கிடத்தித் தூக்கினார்கள். இடுப்பும் தொடையும் நொறுங்கியிருந்தன. உயிர் இருந்தது.

கார்மேகம் மருத்துவமனைக்கு வந்தார். மூவரின் இழைகளையும் உருவி எடுத்தார். பிறகு மூவரையும் எண்ணங்காட்டியால் பார்த்தார். சாம்பல் நிறம் போகவில்லை.

"இழையில ஒண்ணுமில்ல. நரம்பு அதைத் தானாவே கத்துக்கிட்டுது. சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட காலை மறக்கச் சொல்ல முடியாதுல்ல, அந்த மாதிரி," என்றார். சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

"அப்ப வண்டிக்கு நாங்க யாரு டாக்டர்?" என்று கேட்டாள் பிலோமினா.

 எண்ணம் தெரியாத ஒன்று நகராது என்பதுதான் வண்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம் என்று அவர் விளக்கினார். சுவர், கம்பம், மூட்டை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்; அவற்றுக்காக வேகம் குறைக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில்தான் இப்போது அவர்களும் இருந்தார்கள்.

அன்றிலிருந்து பிலோமினாவுக்கு ஊர் வேறாகிவிட்டது. தானோடிகளுக்குச் சத்தம் கிடையாது. வருவது கன்னத்தில் படும் காற்றில்தான் தெரியும். அது தெரியும்போது வண்டி தாண்டியிருக்கும். அவள் சுவரை ஒட்டி நடந்தாள். சுவர் முடியும் இடத்தில் நின்றாள். மாதா கோவில் எதிர்ச்சாரியில் இருந்தது. அங்கே போவதை நிறுத்தினாள். மளிகைக்கு ஆள் அனுப்பினாள். ஒருநாள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டியவள், படி இறங்க முடியாமல், திரும்ப உள்ளேயும் போக முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றாள். எதிரே குழந்தைகள் திரும்பிப் பார்க்காமல் சாலையில் குறுக்கே ஓடினார்கள். வண்டிகள் அவர்களைச் சுற்றித் தண்ணீர் போல வழிவிட்டு ஓடின.

முபீனாவின் விபத்து பெரிய செய்தியானதும், தானோடிகளை இயக்கும் கம்பெனி ஒரு வழி கண்டது. கழுத்தில் கட்டும் சொல்பட்டை. செய்யப்போவதை வாயால் சொன்னால், பட்டை அதைச் சுற்றியுள்ள வண்டிகளுக்கெல்லாம் சொல்லிவிடும். பூட்ட வந்த கம்பெனிப் பெண் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"சொன்னதைச் செய்யணும் மேடம். உங்க விஷயத்துல வண்டிக்குக் கண்ணு கிடையாது. உங்க சொல்லுதான் கண்ணு."

முதல் நாள் பிலோமினா சாலையோரம் நின்று, "கடக்கப்போறேன்," என்றாள். எதிரே வந்த பேருந்து தயங்கி, வேகம் குறைந்து, நின்றது. சாலையின் நடுவிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பின் அவளும் இசக்கியும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாழப் பழகினார்கள். நிக்கேன். நடக்கேன். இடது பக்கம் திரும்புதேன். மைதானத்தில் வண்டி வராது என்று தெரிந்தும் இசக்கி பட்டையைக் கழற்றுவதில்லை. அது இல்லாமல் கழுத்து கூசுகிறது என்றாள்.

நிர்வாகம் இசக்கியை ஆடச் சொன்னது. பிலோமினா வேண்டாமென்று வாதாடிப் பார்த்தாள். இசக்கிதான் கேட்கவில்லை.

"முபீனா படுத்துக் கிடக்கா. நீங்க பட்டை இல்லாம வாசலத் தாண்டப் பயப்படுதீங்க. ஆடவும் இல்லன்னா, இவ்வளவும் எதுக்குக்கா?"

முதல் ஆட்டம் திருப்பூர் அணியோடு. நல்ல வெயில், மைதானம் நிறைந்திருந்தது. கடைசி ஓவரில் திருப்பூருக்குப் பத்து ரன் வேண்டும். மட்டை பிடித்திருந்தவள் கௌசிகா, போன சீசனில் அதிக ரன் குவித்தவள். இசக்கி முதல் பந்தைத் தலைக்கு எழும்பும்படி குத்திப் போட்டாள். கௌசிகாவின் தலை அசையவே இல்லை. சிறு வயதிலிருந்தே கருவி சொல்லித்தான் அவள் குனிந்திருக்கிறாள். இன்று கருவி ஒன்றும் சொல்லவில்லை. பந்து ஹெல்மெட்டைச் சீவிக்கொண்டு போனது.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபோது, எல்லைக்கோட்டருகே நின்ற பிலோமினா அந்த முகத்தைப் பார்த்தாள். வீட்டு வாசலில் கதவைப் பிடித்து நின்ற தன் முகம் அது.

இசக்கியும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த பந்துக்கு ஓடும் முன் நின்று, குரல் எழுப்பிச் சொன்னாள்.

"தலைக்கு வருது. குனிஞ்சுக்கோ."

கௌசிகா குனிந்தாள். பந்து மேலே போனது. கூட்டம் சிரித்தது. அதன்பிறகு தலைக்கு வரும் பந்தை இசக்கி சொல்லிவிட்டே வீசினாள்; மற்றதைச் சொல்லவில்லை. கௌசிகாவுக்கு நம்பிக்கை வந்தது. இசக்கி வாய் திறக்காவிட்டால் தலைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் துணிந்து சுற்றினாள். ஒரு பந்து நாலு ரன்னுக்கு எல்லையைத் தாண்டியது. இன்னொன்றிலும் நாலு ரன். கடைசிப் பந்தில் இரண்டு ரன் எடுத்தால் திருப்பூருக்கு வெற்றி.

இசக்கி திரும்பிப் பிலோமினாவைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது பிலோமினாவுக்கு உடனே புரிந்தது. படுக்கையில் கிடக்கும் முபீனாவை நினைத்தாள், போன சீசனை நினைத்தாள், திரும்பவும் ஒரு தோல்வியோடு நிர்வாகத்தின் முன் நிற்பதை நினைத்தாள். சரியென்று தலையசைத்தாள்.

"தலைக்கு வருது," என்றாள் இசக்கி.

கௌசிகா மட்டையை விட்டுவிட்டு, இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பந்து மெதுவாக வந்து, அவள் பக்கத்தில் தாழக் குத்தி ஸ்டம்பைச் சாய்த்தது.

சொன்னதை மாற்றி வீச லீக் விதியில் தடை எதுவும் இல்லை. நடுவர் விரலை உயர்த்தினார். தூத்துக்குடிப் பெண்கள் ஓடிவந்து இசக்கியைத் தூக்கினார்கள். கூட்டத்தில் பாதி ஆர்ப்பரித்தது. மறு பாதியில் ஒரு முணுமுணுப்பு ஓடியது, பிறகு அதுவும் அடங்கியது. கௌசிகா கொஞ்ச நேரம் உட்கார்ந்தபடியே இருந்தாள்.  ஜெயித்த சந்தோஷம் வரும் வரும் என்று பிலோமினா காத்திருந்தாள். வரவில்லை.

அணிப் பேருந்து எதிர்ச்சாரியில் நின்றிருந்தது. மற்றவர்கள் முன்பே ஏறிவிட்டார்கள். பிலோமினாவும் இசக்கியும் சாலையோரம் வந்து நின்றார்கள்.

"கடக்கப்போறேன்," என்று இசக்கி சொல்லிவிட்டு இறங்கினாள்.

காற்று கன்னத்தில் பட்டதும் பிலோமினா அவள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். லாரி தாண்டிப் போனது. பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு பேருந்து. எதுவும் வேகம் குறையவில்லை. பிலோமினா கழுத்துப் பட்டையைத் தட்டினாள், உரக்கச் சொன்னாள், கத்தினாள். வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

கம்பெனிப் பெண்ணைப் போனில் பிடித்தாள். அவள் தாழ்ந்த குரலில் பேசினாள். இசக்கியின் பட்டை மைதானத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் ஒன்று சொல்லி வேறொன்று செய்ததை உடலசைவிலிருந்தே கண்டு, வண்டிகளுக்கும் சொல்லிவிட்டது. ஒரு வண்டி கற்றதை எல்லா வண்டியும் கற்றுவிடும். எண்ணம் தெரியாதவர்களின் சொல்லை நம்பலாமா என்ற கேள்விக்கு, அவற்றிடம் இப்போது வேறு பதில் இருந்தது.

"நான் பொய் சொல்லலையே. என் பட்டையுமா?" என்றாள் பிலோமினா.

"உங்களை அவங்ககிட்டருந்து பிரிச்சுப் பாக்க வண்டிக்கு எதுவும் இல்ல மேடம்."

ஆட்டம் பார்த்துவிட்டு வந்த ஒருவர், திருப்பூர் அணியின் தொப்பி போட்டவர், கடக்கப் போனார். பிலோமினா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, எங்க ரெண்டு பேரையும் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் விட்டுருங்க. உங்களுக்கு வண்டி நிக்கும்."

அவர் கையை நீட்டத்தான் செய்தார். பிறகு இசக்கியின் முகத்தை அடையாளம் கண்டு, மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. வண்டி நிக்கறது எனக்காக. நடு ரோட்டுல இந்தப் பொண்ணு என்ன பண்ணும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"ஒண்ணும் பண்ண மாட்டா."

"நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். இசக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் முழங்கையில் ரத்தத்தோடு, அமைதியாக, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. எப்போதுமே தெரிந்ததில்லை, இன்றைக்குத்தான் அது பிலோமினாவை உறுத்தியது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாலையில் இறங்கினார். வண்டிகள் விலகி அவருக்கு வழிவிட்டன.

பிலோமினா இசக்கியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேருந்து ஜன்னல்களிலிருந்து பெண்கள் கையசைத்து, சீக்கிரம் வரும்படி கூப்பிட்டார்கள்.

"வலிக்குதுக்கா. நான் எங்கயும் போகலை," என்றாள் இசக்கி.

பிலோமினா பிடியைத் தளர்த்தவில்லை. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் பிடித்திருக்கிறோமா, அல்லது அவளுக்குப் பயந்து பிடித்திருக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.