கதவு மூடும் முன்...

"ஐயோ... ரத்தம்!"

அலறல் விமானத்தின் கடைசி வரிசையிலிருந்து வந்தது.

பயணிகள் பாதிப்பேர்தான் ஏறியிருந்தார்கள். பின்னால், நடைவழியில் ஒரு இளைஞன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு தடித்த சூட்கேஸ்.

விமான நிலைய இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் பின்னாலேயே விமானக் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

கிடந்தவனின் முகத்தைப் பார்த்ததும் மேனேஜர் ஓரடி பின்வாங்கினார்.

அவருடைய மைத்துனன்!

மனைவியின் ஒரே தம்பி. வேலை வெட்டி இல்லாதவன். பணிப்பெண்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதை ரகசியமாகப் படம் பிடிக்க, அவர்தான் அவனைப் பயணியாக ஏற்றி அனுப்பியிருந்தார்.

வீட்டில் என்ன பதில் சொல்வது என்ற பயம் ஒரு நொடி. அடுத்த நொடியே சந்தோஷம். கண்டுபிடித்து அடித்துவிட்டார்களா... அடிக்கட்டும், நல்லதுதான்.

நாளை பணிப்பெண்கள் சங்கத்தின் வேலைநிறுத்தம். அது நடந்தால் வேறு வேலை தேடிக்கொள் என்று முதலாளி சொல்லியாயிற்று. நடக்காமலிருக்க ஒரே வழி, சங்கச் செயலாளரை உள்ளே தள்ளுவது. அந்தச் செயலாளர் இதோ, காயத்தில் துணியை அழுத்தியபடி மண்டியிட்டிருந்தாள்.

சண்டை இதுதான். கதவு மூடினால்தான் பணிப்பெண்களுக்குச் சம்பளம் ஓடும். அதற்கு முன் ஆட்களை ஏற்றுவது, பெட்டி தூக்குவது, குழந்தையின் வாந்தி துடைப்பது... எல்லாம் இலவசம்.

"யார் இந்த ஆளு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியாது." மேனேஜர் கூசாமல் சொன்னார். "ஆனா அடிச்சது இவங்கதான். இல்லன்னாலும் பின்பக்கம் இவங்க பொறுப்பு. டியூட்டியில இருக்கும்போது நடந்திருக்கு. அரெஸ்ட் பண்ணுங்க."

செயலாளர் நிமிரவேயில்லை. "நான் டியூட்டியிலயே இல்லையே சார்."

"என்னது?"

"கதவு இன்னும் மூடலை. அதுவரைக்கும் நாங்க சும்மா நிக்கிறோம்னு பேச்சுவார்த்தையில நீங்கதானே சொன்னீங்க? சும்மா நிக்கிறவளுக்கு என்ன சார் பொறுப்பு?"

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "நியாயமாத்தான் இருக்கு."

பயணிகள் சிரித்தார்கள். மேனேஜருக்கு ரத்தம் தலைக்கேறியது. பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"பயணிகளே... நிர்வாகத்தின் சார்பா சொல்றேன். விமானத்துல கால் வெச்ச நிமிஷத்துலேர்ந்து இவங்க டியூட்டியிலதான் இருக்காங்க. பெட்டி தூக்கினாலும் டியூட்டி. வாசல்ல நின்னாலும் டியூட்டி. யாரும் தப்பிக்க முடியாது!"

பயணிகள் கைகளிலெல்லாம் செல்போன்கள் உயர்ந்திருந்தன. முன்பக்கத்திலிருந்து பணிப்பெண்கள் கைதட்டினார்கள்.

தனக்குத்தான் என்று நினைத்து மேனேஜர் லேசாகத் தலை குனிந்தார்.

அவர் போன் அலறியது. முதலாளி.

"யோவ்... லைவ்ல பார்த்துட்டேன். மூணு வருஷமா முடியாதுன்னு சாதிச்சதை, மைக் போட்டு ஒத்துக்கிட்டியே?"

"சார்... அந்தப் பொம்பளையை மாட்டி விடத்தான்..."

"மாட்டினது நாம."

லைன் அறுந்தது.

"கொலை முயற்சி, இன்ஸ்பெக்டர்." மேனேஜர் விடவில்லை. "அதையாவது எழுதுங்க."

கீழே ஒரு முனகல். இளைஞன் கண்ணைத் திறந்தான்.

"மாமா..."

இன்ஸ்பெக்டரின் புருவம் மேலே போனது. "மாமாவா? தெரியாத ஆளுன்னீங்க?"

"கேமராவை மேல பெட்டி வைக்கிற தட்டுல ஒளிச்சு வைக்கச் சொன்னீங்களே மாமா... சீட் மேல ஏறினேன். அந்த சூட்கேஸ் நேரா மண்டையில விழுந்துடுச்சு. இந்த அக்காதான் ஓடி வந்து தாங்கிப் பிடிச்சாங்க."

"பிடிக்காம?" செயலாளர் காயத்தைச் சுற்றிய துணியை இறுக்கினாள். "டியூட்டியில இருக்கோமே."

இன்ஸ்பெக்டர் மேனேஜரின் தோளில் கை வைத்தார். "பொய்ப் புகார், திருட்டு வீடியோ... வாங்க சார், ஸ்டேஷன்ல உக்காந்து பேசுவோம்."

மேனேஜர் ஒரு எட்டு எடுத்து வைத்தார். பின்னாலிருந்து அவருடைய பேன்ட்டை யாரோ இழுத்தார்கள்.

மைத்துனன்தான்.

"மாமா... நானும் கதவு மூடுறதுக்கு முன்னாடிதான் விழுந்தேன். எனக்கும் சம்பளம் உண்டுதானே?"