மின்சாரம் கொடுக்காத தெரு

அந்தத் தெருவுக்கு இளவரசு மின்சாரம் கொடுக்கவே இல்லை. மலைச் சரிவில் இருபது வீடுகளை வைத்துவிட்டு, கம்பி இழுக்காமல் அப்படியே விட்டிருந்தான். கரண்ட் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு கூரைக்கு மேலும் ஒரு மஞ்சள் மின்னல் குறி மினுங்கிக்கொண்டிருக்கும். அன்று காலை கடையைத் திறந்து, ஊர் கட்டும் கம்ப்யூட்டர் கேமைப் போட்டபோது, கோடி வீட்டின் மேல் குறி இல்லை. ஜன்னலில் விளக்கு எரிந்தது.

திருட்டு சிடியில் போட்ட கேம்தானே, ஏதாவது கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் மவுஸில் இருந்த விரல் வெகுநேரம் அசையவில்லை. அந்த வீட்டைத்தான் போன வாரம் அவன் கடைக்கு வரும் ரத்தினம்மாளுக்குக் காட்டியிருந்தான்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி எட்டடி அகலத்தில் இருந்தது அவனுடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அதற்கு முன் இரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்தான். பல்லாவரத்தில் ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்து, தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தத்தில் தூங்கி, ஒன்றும் தேறாமல் 2007ல் கடலூருக்கே திரும்பி வந்தான். வேலை இல்லாத நேரங்களில் விட்டு வந்த சென்னையைக் கேமில் கட்டினான். தாம்பரம் ரயிலடி, குரோம்பேட்டை, பல்லாவரம் மலை, மீனம்பாக்கம் விமான நிலையம், அதன் நீளமான ஓடுபாதை. மூன்று வருஷத்தில் தெருத் தெருவாக வளர்ந்துவிட்டது. வாழ முடியாத ஊரைக் கட்ட மட்டும் முடிந்தது.

ரத்தினம்மாள் அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்புக்காரி. இரண்டு மாதம் முன்பு ஒரு சிபியூவைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்தபடி பஸ்ஸில் கொண்டுவந்தாள். அவளுடைய ஒரே மகன் தில்லைநாதன். சிதம்பரத்தில் டிப்ளமா முடித்து, சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரியர் குடோனில் வேலைக்குச் சேர்ந்தவன். பதினாலு மாதம் முன்பு பல்லாவரத்து அறையிலிருந்து வேலைக்குக் கிளம்பினான். குடோனுக்குப் போய்ச் சேரவில்லை. அறைக்கும் திரும்பவில்லை. வீட்டுக்காரர் அவன் சாமான்களை அனுப்பி வைத்தார்.

"இதுல போட்டோ நெறைய வச்சிருப்பான் தம்பி. எங்கிட்ட இருக்கறது பத்தாவது படிக்கறப்ப எடுத்த ஒண்ணுதான். மீசை வச்ச மொகம் எங்கிட்ட இல்ல" என்றாள்.

அன்று கடையில் பதினைந்து சிபியூக்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் வைரஸ், எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இருப்பதை அழித்து ஃபார்மட் போட்டுக்கொண்டே வந்தவன், பழக்க வேகத்தில் அவளுடையதையும் போட்டுவிட்டான். பச்சைக் கோடு நகர்ந்து முடிந்த பிறகுதான் மேஜை ஓரத்தில் கிடந்த புடவை கண்ணில் பட்டது. மூன்று நாள் தேடியும் ஒரு முகம்கூட மீளவில்லை.

அடுத்த புதன்கிழமை அவள் ஒரு பை முந்திரிப் பருப்போடு வந்து நின்றாள். அழித்ததைச் சொல்லாமல் இளவரசு திரையை அவள் பக்கம் திருப்பினான். அதில் அவன் மூன்று வருஷமாகக் கட்டிய ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

"போட்டோ ஒண்ணும் இல்லம்மா. ஆனா உங்க பையன் மெட்ராஸ அப்படியே கட்டி வச்சிருக்காரு. பாக்குறீங்களா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மகன் நடந்த ஊரைப் பார்த்தாள். இளவரசு மவுஸை நகர்த்தி ஜிஎஸ்டி ரோடு வழியாக அவளை அழைத்துப் போவான். ரயில் எப்போது வரும், அரிசி எங்கே வாங்குவான், இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவான் என்று கேட்பாள். ஒருநாள், எது அவன் வீடு என்றாள். அவன் யோசிக்காமல் மலைச் சரிவின் கோடி வீட்டைத் தொட்டுக் காட்டினான்.

இப்போது அதில்தான் விளக்கு எரிந்தது.

அந்தப் புதன்கிழமை அவள் வந்ததும் அதைப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"இப்பத்தான் எழுந்திருக்கான் போல."

இளவரசு மவுஸைத் தள்ளி வைத்தான். ஜெராக்ஸ் மெஷினின் சூடான மை வாசனையும் அவள் புடவையின் முந்திரிப்பால் வாசனையும் கலந்து மூச்சை அடைத்தன. சொல்லிவிட்டான். போட்டோக்களை அழித்ததையும், இந்த ஊரைக் கட்டியது அவள் மகன் இல்லை என்பதையும், வீடு, ரோடு, ஓடுபாதை எல்லாமே தன் கையால் வைத்தவை என்பதையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டுறவன் ஒருத்தன், குடியிருக்கறவன் ஒருத்தன். ஊர்ல இல்லாததா தம்பி?"

மறுநாள் அந்த வீட்டு வாசலிலிருந்து ஒரு பாதை கிளம்பியிருந்தது. காலடி பட்டுத் தேய்ந்த மண் நிறத்தில், நூல் போல மெல்லிசாக, சரிவில் இறங்கி, விமான நிலையத்து மதிலை ஒட்டி வளைந்து, அவன் ஒன்றுமே கட்டாமல் வெறும் புல்லாக விட்டிருந்த மூலைக்குள் போனது. அங்கே கறுப்பாக ஒரு சதுரம். தண்ணீர். அந்த கேமில் தார் ரோடு உண்டு, மேம்பாலம் உண்டு. மண் பாதை என்று ஒன்றே கிடையாது.

அழித்தான். பாதை போனது. டீ குடித்துவிட்டு வந்தான். பாதை இருந்தது.

மறுபடி அழித்தான். இந்தமுறை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. வீட்டு வாசலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒருவர் நடக்கும் வேகத்தில்.

கேமையே தூக்கிவிடலாம் என்று அழிக்கும் பட்டன்வரை மவுஸைக் கொண்டுபோனான். உறுதியாக அழிக்கவா என்று திரை கேட்டது. அதே கேள்விக்கு ஒருமுறை அவன் ஆமாம் சொல்லியிருக்கிறான். விரல் இறங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை அவள் வந்தபோது நண்பகல். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் கரண்ட் போனது. தினமும் அந்த நேரத்துக்குப் போவதுதான். ஜெராக்ஸ் கடை ஓய்ந்தது, மின்விசிறி நின்றது, சந்து முழுக்க ஜெனரேட்டர் புகை நாற ஆரம்பித்தது. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தியது. அதில் பத்து நிமிஷம் தாங்கும்.

"நிறுத்திடவாம்மா?"

"அவன் பின்னாலயே போ தம்பி."

போனான். கோடி வீடு, சரிவு, மதில். அவள் ஒரு கையை அவன் தோளில் வைத்திருந்தாள். அந்தக் கை குளிர்ந்துகொண்டே வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் இறங்கும் ஓசை ஸ்பீக்கரில் பெருகித் தேய்ந்தது. அது தேய்ந்த பிறகும் அடியில் ஏதோ மிச்சம் இருந்தது. ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல. ஸ்பீக்கரை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினான்.

நிற்கவில்லை.

பீப். பீப். பாதை முடிந்தது. கறுப்புச் சதுரம். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். படம் தானாகவே நெருங்கியது. இன்னும் கிட்டே. தண்ணீர் திரையை நிறைத்தது. அவனுக்குக் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ரத்தினம்மாள் எழுந்தாள். திரையில் மூக்குப் படும் அளவுக்குக் குனிந்தாள்.

"மீசை வச்சிருக்கான்" என்றாள்.

யுபிஎஸ் அணைந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அவளுடைய கொழுந்தன் கொளஞ்சி கடைக்கு வந்தான். உள்ளே வராமல் படியிலேயே நின்றான்.

"நாங்க மீனம்பாக்கத்துக்குப் போய்ப் பாத்தோம். ஏர்போர்ட்டு மதிலுக்குப் பின்னால பழைய கல்குட்டை ஒண்ணு இருக்கு. வெளியாளுக்குத் தெரியவே தெரியாது. போலீஸ்ல சொல்லித் தண்ணிய எறைக்க வச்சோம். எலும்பும் சட்டையும் கெடச்சுது. சட்டையில குடோன் கார்டு அப்படியே இருந்துச்சு." படியிலிருந்து ஓரடி பின்வாங்கினான். "போற பாதை, நீ அண்ணிக்குக் காட்டுன மாதிரியே இருந்துச்சு."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"அழுவல. ஊர்ல எல்லார்கிட்டயும் உன்னப் பத்திதான் சொல்லிக்கிட்டிருக்கு."

அவன் போன பிறகு இளவரசு கம்ப்யூட்டரின் ஒயர்களை எல்லாம் கழற்றினான். ஒரு வாரம் அதைத் தொடவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சந்துக்குள் திரும்பியவன் நின்றுவிட்டான். கடைப் படியில், ஜெராக்ஸ் கடை வாசலில், சுவர் ஓரத்தில் எங்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பண்ருட்டி பக்கம், சிதம்பரம் பக்கம், எங்கெங்கிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். பெரும்பாலும் பெண்கள். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பழைய மணியார்டர் ரசீது, செல்போன் கவர், காணாமல் போனவனின் ஒரு சட்டை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை. அவனைக் கண்டதும் எழுந்து வழிவிட்டார்கள்.

"நான் ஒண்ணும் கண்டுபுடிக்கலம்மா. அது வெறும் கேமு" என்றான்.

எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் நகரவில்லை. சிதம்பரத்திலிருந்து வந்த முத்தம்மாள் என்ற பெண் அவன் பின்னாலேயே உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் திரும்பாமல் நாலு வருஷம் என்றாள்.

"எங்கிட்ட கம்ப்யூட்டர் எல்லாம் இல்லண்ணே. போட்டோ ஒண்ணுதான் இருக்கு. அது போதுமா?"

ஒயர்களை மாட்டினான். பட்டனை அழுத்தினான். ஊர் மெல்லத் திறந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு வண்டி இல்லை. தாம்பரத்தில் ரயில் இல்லை. குரோம்பேட்டைச் சந்துகளிலிருந்து, பல்லாவரத்துச் சரிவிலிருந்து, பாலங்களுக்கு அடியிலிருந்து, பாதி கட்டி நின்ற மாடிகளிலிருந்து மண் பாதைகள். நூறு. ஆயிரம். எண்ண முடியவில்லை. எல்லாம் மீனம்பாக்கத்தை நோக்கி.

ஓடுபாதை முழுக்க ஆட்கள். எறும்பளவு உடம்புகள், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, தோளோடு தோள். யாரும் நடக்கவில்லை. ஒவ்வொருவர் காலடியிலும் தண்ணீர் சொட்டி, தார் கறுத்திருந்தது.

வானத்தில் ஒரு விமானமும் இல்லை. ஆனாலும் எல்லோரும் தலையை அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்கு வெளியே. அவனை.

முத்தம்மாள் போட்டோவை மேஜைமேல் வைத்தாள்.