ரோல் முடியும்வரை பார்க்க முடியாது

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் நதீம் வீடு. நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போது மதியத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போனார்கள். வாசலில் சீரியல் பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. பயப்படும்படி அந்த இடத்தில் எதுவுமே இல்லை.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் நைட் ஷிஃப்ட் பார்த்ததில்லை. நான் கால் சென்டரில் பார்த்தேன். யாரோ வெளிநாட்டுக்காரர்களின் கிரெடிட் கார்டு புகார்களைக் கேட்டுக்கொண்டு, பகலில் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டு. ஒருநாள் பாதி ஷிஃப்டில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். திரும்பப் போகவில்லை. கடைசியாக வந்த சம்பளத்தில் இந்தக் கேமராவை வாங்கினேன். முந்தின நாள்தான் வந்தது.

கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஃபிலிம் கேமரா போல வேஷம் போட்ட புது டிஜிட்டல் கேமரா. உள்ளங்கையில் அடங்கும். மேலே தோல் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறார்கள். ஓரம் இப்போதே கிளம்புகிறது. ஃபிலிம் சுற்ற லீவர் இருக்கிறது, சுற்றுவதற்கு உள்ளே ஃபிலிம் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அதை இழுத்தால்தான் அடுத்த படம். பின்னால் இருக்கும் டிஸ்ப்ளேயைத் தொட்டால் யோசித்துவிட்டுத்தான் அசையும். செல்போனோடு இணையும் என்று பெட்டியில் போட்டிருந்தது. விடியவிடியப் பார்த்தேன், இணையவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல் அதில் இருந்த ரோல் மோடு. அதை ஆன் செய்தால், முப்பத்தாறு படமும் முடியும்வரை எடுத்தது எதையும் காட்டாது. நடுவில் வெளியே வர வேண்டுமா, மொத்த ரோலையும் அழிக்க வேண்டும். ஒரு படத்தை மட்டும் அழிக்க முடியாது. இது போதாதென்று, இரண்டிரண்டு படங்களாகப் பக்கத்தில் ஒட்டி ஒரே படமாக்கிவிடும். பிரிக்க வழியில்லை. இதையெல்லாம் வசதி என்று விற்கிறார்கள்.

நதீமுக்கு அந்தக் கேமராதான் வேண்டியிருந்தது.

"மச்சி, உன் கேமராவுல நெட்டு கீதா?" என்று போனில் கேட்டான்.

"கீதுன்னு பொட்டில போட்டுக்கீறான். எனக்கு வரல."

"அப்ப அதான் ஓணும். எட்த்துனு வா."

அன்று காலை அவன் தங்கை ஆயத்துக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. அன்றே புருஷனோடு தோஹாவுக்கு விமானம். அந்த வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் போகிற எல்லோரும் வாசலில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பக்கெட்டில் செல்போனைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போன கல்யாணத்தில் யாரோ ஒரு பெண்ணின் படம் எந்த குரூப்புக்கோ போய், இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தியது. அதனால் வீடு முழுக்க ஆள் இருந்தும் படம் எடுக்க ஒரு போன் இல்லை. நதீமின் அம்மா நஸ்ருன்னிசாவுக்குக் கிளம்புகிற மகளோடு ஒரே ஒரு படம் வேண்டும். எங்கேயும் போகாத, யாருக்கும் தெரியாத ஒரு படம்.

கூடத்தில் ஆண்கள் யாருமில்லை. எல்லோரும் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே ஒரு வாசல். பழைய காலத்துச் சுவர், கையை நீட்டினால் மறுபக்கம் எட்டாத தடிமன். கூடத்துப் பக்கம் ஒரு பச்சைத் திரை, உள்பக்கம் ஒரு பூப்போட்ட திரை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இருட்டு. பால்காரர், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் என்று யாரிடம் பேச வேண்டுமானாலும் அந்தக் காலத்தில் இந்த வீட்டுப் பெண்கள் அந்த நடு இடத்தில் வந்து நின்றுதான் பேசுவார்களாம்.

பச்சைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு நதீம் பந்தலுக்குப் போனான்.

"பேட்டா," நஸ்ருன்னிசாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "இதுல எட்த்தா யாரும் பாக்க முடியாதா?"

"நானே பாக்க முடியாது அம்மி. ரோல் முடியணும்."

"அப்ப நல்ல கேமரா."

அதை நல்ல கேமரா என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"ஆதார் கார்டுல என் மூஞ்சிய பாத்துக்கீறியா நீ? பிக்பாக்கெட் மாறி கீது. பொண்ணு அவ்ளோ தூரம் போயி அதயா பாத்துக்கினு இருப்பா? நல்லதா ஒண்ணு ஓணும் பேட்டா. ஒண்ணே ஒண்ணு."

பச்சைத் திரையின் ஓரத்தில் கண்ணாடி வளையல் அடுக்கிய கை வந்தது. நதீமின் மாமா மகள் சிம்ரா. காலேஜில் படிக்கிறாள்.

"விக்கி அண்ணா, இன்னா இது, பொம்ம கேமராவா?"

"பேசாத. லீவர இழு. டக்குனு சத்தம் வரும். அப்புறம் அமுக்கு. நான் சொல்லும்போது."

கேமராவோடு வளையல்கள் உள்ளே போயின. கொஞ்ச நேரம் சிரிப்பு. யாரோ யாருடைய துப்பட்டாவையோ சரிசெய்யச் சொன்னார்கள்.

கிர்ர்ர்... டக்.

"இப்போ?" என்றாள் சிம்ரா.

"ம்."

எடுத்துவிட்டாள். உள்ளே கைதட்டல். அப்புறம் காலடிச் சத்தங்கள் பின்கட்டுப் பக்கம் போயின. சாப்பாட்டுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் என் போனை எடுத்து, இந்தக் கேமராவைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன். என்னைப் போலவே எல்லோரும் திட்டியிருந்தார்கள். அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

கிர்ர்ர்... டக்.

"இப்போ?"

"ம்," என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிர்ர்ர்... டக்.

"இப்போ?"

"ம்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடட்டும், ரோல் சீக்கிரம் முடியும். ஒவ்வொரு தடவையும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ரொம்ப நேரம் போன பிறகுதான் கவனித்தேன். குரல் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. இப்போது வெறும் மூச்சாக இருந்தது. அது உள்வீட்டிலிருந்தும் வரவில்லை. என் காதுக்குப் பக்கத்தில், பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்.

"சிம்ரா, உள்ள போய் எடு. இங்க நின்னுக்கினு இன்னாத்த எடுக்கற?"



கிர்ர்ர்... டக்.

"இப்போ?"

"ம், எட்த்துத் தொல."

சூடம் வாசனை வந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும்போது வருமே, அது. ஆனால் புகை இல்லை. பச்சையாக, குளிர்ச்சியாக, மூக்கில் ஏறுகிற சூடம்.

வெறுங்காலில் ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். திரைக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாக வந்து என் கட்டைவிரலைத் தொட்டு நின்றது.

கை வந்தது.

கேமராவை நீட்டியது. மணிக்கட்டுவரை வெள்ளைத் துணி. விரல் நுனிகள், ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினால் சுருங்குமே, அப்படிச் சுருங்கி வெளுத்திருந்தன. வாங்கிக்கொண்டேன். கேமரா முழுக்க ஈரம். எனக்கு வந்தது கோபம்தான்.

"தண்ணி பட்டா போச்சு இது! அறிவு கீதா உனக்கு?"

கை உள்ளே போனது. சட்டையில் கேமராவைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் உறைத்தது.

அந்தக் கையில் வளையல் இல்லை.

"விக்கி அண்ணா, நீங்க இன்னும் சாப்டலயா?"

தெருவாசலில் சிம்ரா நின்றிருந்தாள், கையில் பிரியாணித் தட்டோடு. பின்னால் நதீம்.

"நீ எப்ப வெளிய போன?" என்றேன்.

"அப்பவே. பின்பக்கமா. கேமராவத்தான் உங்க கைல குட்த்துட்டேனே."

"என் கைலயா?"

"ஒரே படம். அத்தயும் ஆயத்தும். எட்த்துட்டு வந்தேன், நடு எடத்துல கைய நீட்டுனீங்க, குட்த்தேன்." முகத்தைச் சுளித்தாள். "கை ஈரமா இருந்திச்சி. கழுவிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்."

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"யார்டா இங்க சூடம் ஏத்துனது?" என்று நதீமைக் கேட்டேன்.

அவன் மூக்கை உறிஞ்சினான். முகம் மாறியது. "நாங்க சூடம் ஏத்த மாட்டோம் மச்சி. செத்தவங்கள குளிப்பாட்டுற தண்ணில போடுவாங்க. அதுக்கு மட்டுந்தான் இந்த வூட்டுக்கு அது வரும்."

பச்சைத் திரையை விலக்கினேன். யாருமில்லை. ஒரு மர ஸ்டூல். அதன் மேலும் கீழும் ஈரம். எதிரே பூப்போட்ட திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கேமராவைப் பார்த்தேன். ரோலில் ஒரே ஒரு படம் பாக்கி.

"படம் வந்துச்சா பேட்டா?" உள்ளேயிருந்து நஸ்ருன்னிசா. "ஆயத்து கெளம்பப் போறா. ஒருவாட்டி காட்டு."

அந்த ஒன்றை எடுத்தால்தான் அம்மாவும் மகளும் வெளியே வருவார்கள். லீவரை இழுத்தேன். காலியாக இருந்த ஸ்டூலுக்கு நேராக வைத்து அமுக்கினேன்.

படங்களை உடனே காட்ட வேண்டியதுதானே? காட்டாது. ஃபிலிம் கழுவுகிற மாதிரி டிஸ்ப்ளேயில் ஒரு பொம்மைச் சுருள் சுற்றும். சுற்றிக்கொண்டே இருந்தது. நஸ்ருன்னிசா தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு திரையைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார். ஈரத்தில் கால் வைக்காமல், ஓரமாக, பார்த்துத் தாண்டி வந்தார். அது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முதல் படம். இடது பாதியில் அம்மாவும் மகளும். கன்னத்தோடு கன்னம். ஆயத்துக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. நல்ல படம். இந்தக் கேமராவில் இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை.

அதோடு ஒட்டியிருந்த வலது பாதியில் பச்சைத் துணி. துணியின் ஓரத்தில் ஒரு சந்து. சந்தில் என் முழங்கால்.

அடுத்தது. என் தோள்.

அடுத்தது. போனைப் பார்த்துக்கொண்டு குனிந்திருக்கும் என் தலை.

காது.

காலர்.

காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சம். எனக்கே அதைப் பார்த்துப் பழக்கமில்லை.

கடைசிப் படம் நான் எடுத்தது. காலி ஸ்டூலை எடுத்தேன். அதில் ஸ்டூல் இல்லை. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நான் நின்றேன், ஸ்டூலில் உட்கார்ந்து யாரோ நிமிர்ந்து பார்த்து எடுத்த மாதிரி. என் தோளில் சுருங்கிய நான்கு விரல்கள்.

என் விரல் தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போனது. ரோல் முழுவதையும் அழிக்கவா என்று கேட்டது. நஸ்ருன்னிசா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அழிக்காத."

"அம்மி, மிச்சத்த பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். எங்க நாத்தனாதான். அமீனா பீ." பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோலச் சொன்னார். "கட்டிக்குடுத்த வூட்டுக்குப் போகாம கடசி வரைக்கும் இங்கதான் இருந்தாங்க. அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கினுதான் எல்லார்கிட்டயும் பேசுவாங்க. உக்காந்தபடியேதான் போனாங்க. பாரு, உள்ள ஒரு பொம்பளயயும் எடுக்கல. அவங்களுக்குப் புடிக்காது. உன்னயத்தான் எட்த்துக்கீறாங்க."

"என்னய ஏன்?"

அவர் நதீமைப் பார்த்தார். நதீம் தரையைப் பார்த்தான்.

"நடு எடத்துலேந்து கூப்ட்டா இந்த வூட்ல யாரும் பதில் சொல்ல மாட்டோம். கொழந்தைங்ககூட சொல்லாது. சொன்னா அவங்க கூடவே வந்துடுவாங்க. நீ சொன்னியா?"

எத்தனை தடவை சொன்னேன் என்று நான் சொல்லவில்லை.

"உன்கிட்ட சொல்ல மறந்துட்டோம் பேட்டா," என்றார்.

"அம்மி, அழிச்சிடறேன். ஒண்ண மட்டும் அழிக்க முடியாது இதுல. மொத்தத்தயும் அழிச்சாத்தான்..."

"என் பொண்ணு இன்னிக்குப் போறா." கேமராவை என் கையிலிருந்து வாங்கினார். அடியில் இருந்த மூடியை எப்படித் திறப்பது என்று நான் அரைமணி நேரம் தேடியிருந்தேன். அவர் நகத்தால் ஒரே தட்டில் திறந்தார். மெமரி கார்டை எடுத்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டார். "எனக்கு இது போதும். நீ போய் சாப்புடு."

நான் சாப்பிடவில்லை.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீடு ஒரே அறையும் அடுப்படியும். என் அம்மா வேலம்மா ரோட்டோரம் மீன் விற்கிறவள். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வது அவள் தொழில். ஈ வராமல் இருக்க வாசலில் ஒரு நைலான் திரை கட்டியிருக்கிறாள். மறுநாள் மதியம் அவள் வியாபாரம் முடித்து வந்து அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நான் கேமராவை விற்க விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருந்தேன். கார்டு மயிலாப்பூரில். கேமராவைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை அலமாரிக்குள் வைத்திருந்தேன்.

மீன் வாடைக்கு நடுவே அந்தக் குளிர்ச்சி வந்தது.

நைலான் திரை உள்பக்கமாகக் கொஞ்சம் உப்பியது. அதற்குக் கீழே சிமெண்டுத் தரை நனைந்திருந்தது.

கிர்ர்ர்... டக்.

சத்தம் அலமாரியிலிருந்து வரவில்லை. வாசலிலிருந்து வந்தது.

"இப்போ?"

கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இப்போ?"

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எவடா அவ, வாசல்ல நின்னுக்கினு இப்போ இப்போன்றா? ஒரு வார்த்த பதில் சொன்னா கொறஞ்சா பூடுவ?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்கிற அதே குரலில் வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"ம்."