வாங்குக்குக் கீழே கிடந்த ஆங்கிலச் சொல்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாயிற்று. அதற்குமேலும் நம்பாதவர்கள் நெல்லியடிக்குப் போய், சம்பந்தப்பட்ட நாயிடமே விசாரித்துக்கொள்ளலாம்.

நாயின் பெயர் வீமன். நெல்லியடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில், அதிபரின் அறைக்கு வெளியே, நாலைந்து பேர் சேர்ந்து உட்காரக்கூடிய ஒரு நீள வாங்கு இருக்கிறது. அந்த வாங்குக்குக் கீழேதான் வீமன் படுத்திருப்பான். படுத்தால் எழும்பமாட்டான். ஒருமுறை வாங்குக்குப் பெயின்ற் அடிக்க ஆட்கள் வந்தார்கள். நாயை நகர்த்தப் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் வாங்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெயின்ற் காய்ந்து வாங்கு திரும்பி வந்தபோது வீமன் அதே இடத்தில், அதே பக்கம் சரிந்து கிடந்தான். வாங்கு போய் வந்ததே அவனுக்குத் தெரியாது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் படிப்பவள் மிரியம். விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளைப் பிரித்த இல்லங்களில், பச்சை இல்லத்தின் கயிறிழுத்தல் அணிக்கு அவள்தான் தலைவி. பச்சை இல்லம் கயிறிழுத்து வென்றதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அணியில் எல்லாரும் மெலிந்த பிள்ளைகள். மிரியத்தின் சிநேகிதி தனுசியா கயிற்றைப் பிடித்து நின்றால், எது கயிறு எது தனுசியா என்று தூரத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

ஆனால் இந்த வருட விளையாட்டுப் போட்டியில் ஓர் அதிசயம் நடந்தது. மஞ்சள் இல்லத்துப் பிள்ளைகள் இழுப்பதற்கு முன் அளவில்லாமல் ஐஸ்பழம் சாப்பிட்டு, கை விறைத்து, கயிற்றை விட்டுவிட்டார்கள். பச்சை இல்லம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எதிரே சிவப்பு இல்லம். அதன் தலைவன் வாகீசன், வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைத் தனியாகத் தூக்கி நடப்பவன்.

அன்றைக்கு மைக் பிடித்தவர் ஆங்கிலம் படிப்பிக்கும் கனிசியஸ் சேர். மைக் கையில் கிடைத்தால் சேருக்கு ஆங்கிலம் தானாக வரும். "இறுதிப் போட்டியில் பச்சை இல்லம் அண்டர்டோக்" என்று ஊர் முழுக்கக் கேட்க அறிவித்தார்.

பச்சை இல்லத்தின் பந்தலில் பிள்ளைகள் தனுசியாவைச் சுற்றிக் கூடினார்கள்.

"அண்டர் எண்டால் கீழை," என்றாள் தனுசியா. "டோக் எண்டால் நாய். மூண்டாம் வகுப்பிலையே படிச்சிட்டம். மேசைக்குக் கீழை நாய் நிக்கிற படமும் புத்தகத்திலை கிடந்தது."

இவ்வளவு ஆங்கிலம் தெரிந்தவர்களை ஏமாற்ற முடியுமா? சேர் தங்களை நாய் என்று சொல்லிவிட்டார், அதுவும் மைக்கில், அதுவும் அம்மா அப்பாமாருக்கு முன்னால். பிள்ளைகள் தலையில் கட்டியிருந்த பச்சை றிபனைக் கழற்றினார்கள். இழுக்க வரமாட்டோம் என்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சிவப்புப் பந்தலிலிருந்து யாரோ 'வள்' என்று குரைத்தது நிலைமையை இன்னும் கெடுத்தது.

மிரியம் கணக்குப் பார்த்தாள். முதல்முறை கிடைத்த இறுதிப் போட்டி. அணி இறங்காவிட்டால், இழுக்காமலே சிவப்பு இல்லம் வென்றுவிடும். தோற்றால் ஒருநாள் அழுது முடிக்கலாம். இறங்காமலே விட்டால், வருடம் முழுக்க அந்தக் குரைப்பைக் கேட்கவேண்டும்.

"நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன். திரும்பி வரும்வரைக்கும் றிபனை எறியாதேங்கோ," என்று சொல்லிவிட்டு மேடைக்கு நடந்தாள்.

"சேர், எங்களை ஏன் நாய் எண்டு சொன்னியள்?"

"நான் எப்ப பிள்ளை சொன்னனான்?"

"இப்பத்தான். உந்த மைக்கிலை."

சேருக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். அது ஏச்சு இல்லை. ஒரு போட்டியில் இவர்கள்தான் தோற்பார்கள் என்று எல்லாரும் நினைக்கிற பக்கத்துக்கு அந்தப் பெயர். விளையாட்டிலும் சொல்வார்கள், தேர்தலிலும் சொல்வார்கள். மிரியத்தின் மாமா லயனல் பிரதேச சபைத் தேர்தலில் தனியாக நின்றாரே, அவர்கூட அண்டர்டோக்தான்.

"மாமா வெண்டவரோ சேர்?"

சேர் மைக்கைத் துடைத்தார். "இல்லைப் பிள்ளை."

அது மிரியத்துக்கும் தெரிந்ததுதான். மாமாவுக்கு விழுந்த வாக்குகள், மாமாவின் வீட்டில் இருந்த வாக்குகளைவிடக் குறைவு. மாமி இன்றுவரை அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

மிரியம் மெல்லத் திரும்பி நடந்தாள். சொல்லின் சரியான கருத்து, நாயைவிட மோசமாக இருந்தது. நாய் என்றால் கோபமாவது வரும். தோற்கிற ஆள் என்றால் அழுகைதான் வரும். அழுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிக் கயிறிழுப்பது?

அதிபரின் அறைப் பக்கம் ஒரே இரைச்சல். வாகீசனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வீமனை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வீமனின் கழுத்தில் ஒரு பச்சை றிபன். அவனைக் கொண்டுபோய்ப் பச்சைப் பந்தலில் விடுவதுதான் திட்டம்.

"வாடா, உன்ரை ஆக்கள் அங்கை பாத்துக்கொண்டு நிக்கினம்," என்று வாகீசன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

வீமன் எதிர்த்து இழுக்கவில்லை. குரைக்கவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வயிற்றை நிலத்தில் அழுத்தி, கால்களை முன்னுக்கு நீட்டிக் கிடந்தான். இழுத்தவர்கள் வியர்த்துக் கொட்டினார்கள்.

"விடு வாகீசன், அவனுக்குக் கழுத்து நோகும்," என்று மிரியம் குனிந்து றிபனை அவிழ்த்தாள். தன் போத்தல் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நீட்டினாள். வீமன் படுத்தபடியே நக்கினான்.

வாகீசன் சிவந்துபோன கைகளை உதறினான். "உவனை ஆராலையும் அசைக்கேலாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மிரியம் அவன் கைகளைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். பிறகு பந்தலுக்கு ஓடினாள்.

சேர் சொன்ன கருத்தை ஒளிக்காமல் சொன்னாள். மாமாவின் தேர்தலையும் சேர்த்துத்தான் சொன்னாள். எல்லாருடைய முகமும் தொங்கிப்போயிற்று.

"எனக்கெண்டால் தனுசியா சொன்ன கருத்துத்தான் சரியாப் படுது," என்றாள் மிரியம். "கீழை கிடக்கிற நாய். எங்கடை வீமன். அவனை ஆராவது இழுத்து வெண்டதைக் கண்டியளோ?"

யாரும் கண்டதில்லை.

"அப்ப நாங்களும் இழுக்கத் தேவையில்லை. கிடப்பம். அவை இழுத்துக் களைக்கட்டும்."

முதலில் றிபனைத் திரும்பக் கட்டியவள் தனுசியா.

விசில் ஊதியது. சிவப்பு இல்லம் பலங்கொண்ட மட்டும் இழுத்தது. பச்சை இல்லம் குதிக்காலை மண்ணில் புதைத்து, பின்னால் சரிந்து, ஏறக்குறையப் படுத்துவிட்டது. கொடிக்கம்பத்தின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று. ஐஸ்பழக்காரர் எல்லாவற்றையும் விற்று, பருத்தித்துறைக்குப் போய்ப் பெட்டியை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தார். அப்போதும் இழுவை முடியவில்லை. கயிறுதான் நீண்டது. அதற்கு முன் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீருக்கு எட்டாத கயிறு அது. இப்போது எட்டுகிறது.

கடைசியில் வாகீசன் ஒரு பெருமூச்சு விட்டான். அந்த மூச்சு வெளியே போகிற நேரம் பார்த்து, "இப்ப," என்றாள் மிரியம்.

பச்சை இல்லம் ஓர் அடி பின்னால் வைத்தது. பிறகு இன்னோர் அடி. சிவப்பு இல்லம் கோட்டைத் தாண்டி வந்து ஒரு குவியலாக விழுந்தது. கனிசியஸ் சேர் மைக்கில் என்னவோ சொன்னார். அது எந்த மொழி என்று இன்றுவரை தெரியவில்லை.

பின்னேரம் வாகீசன் இரண்டு ஐஸ்பழத்தோடு வந்தான். ஒன்றை மிரியத்திடம் நீட்டினான்.

"குரைச்சது நான்தான்," என்றான்.

"தெரியும். நல்லாக் குரைக்கேல்லை."

வாகீசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த வருசம் எங்களை அண்டர்டோக் எண்டு சொல்லச் சொல்லிச் சேரைக் கேப்பியோ?"

"முதல்லை வீமனிட்டைக் கிடக்கப் பழகு," என்றாள் மிரியம்.

அவன் உண்மையாகவே போய் வீமனுக்குப் பக்கத்தில் படுத்துப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு வந்த மதிப்பைச் சொல்லி முடியாது. மாணவர் தலைவர் தேர்தலில் நின்ற அத்தனை பேரும், தாங்களே அண்டர்டோக் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். லயனல் மாமாவும் அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கப்போகிறாராம். வாங்குச் சின்னம் கேட்கிறாராம். வீமன் மிரியத்தின் பச்சை றிபனைத் தலையணையாக வைத்துக்கொண்டு, வாங்குக்குக் கீழே அதே இடத்தில் நித்திரை.

சத்தியம் செய்த கையை இறக்குமுன் இன்னும் ஒன்று சொல்லவேண்டும்: அந்தப் பள்ளிக்கூடத்து வாங்குகள் எல்லாம் நிலத்தோடு சேர்த்துச் சீமெந்தால் கட்டியவை. கீழே ஒரு பல்லி படுக்கவும் இடமில்லை.