கிழிக்க ஒரு முகம்

"ஐயோ, கிழிக்காதே!"

நாடகம் அப்படியே நின்றுபோனது.

மேடையில் மென்சியா. அவள் கையில் உள்ளங்கையளவு படம். தன் காதலனின் படம் தோழியின் நகைப்பெட்டியில் கிடைத்துவிட்ட கோபத்தில், அதைக் கிழித்தெறிய வேண்டிய கட்டம் அது. அந்தக் கட்டத்துக்காகவே செவில் நகரத்து ஜனங்கள் மதியச் சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடிவருவார்கள்.

முற்றத்தில் நின்றிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெண்கள் மாடத்திலிருந்து ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்து வந்து, கத்தியவன் தலையில் விழுந்தது.

"யாருடா அது? காசு கொடுத்துட்டு வந்து அழறது?"

கத்தியவன் பெயர் தெல்மோ. ஓவியன். எதிர்வீட்டில் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவன், சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்திருந்தான். நுழைந்தால்... அவள் கையில் இருந்தது அவன் வரைந்த முகம்! சென்ற மாதம் அவனுடைய முதலாளி மொத்தமாக யாருக்கோ விற்ற ஆறு சின்னப் படங்களில் ஒன்று.

மென்சியா அவனைப் பார்த்தாள். ஒலிவ இலையின் அடிப்பக்கம் போல வெளிறிய பச்சைக் கண்கள்... அவற்றில் ஒரு குறும்பு மின்னியது. அவனைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, மிக மெதுவாக...

சர்ர்ர்ர்க்.

முற்றமே அதிர்ந்தது கைதட்டலில்.

நாடகம் முடிந்ததும் தெல்மோ ஒப்பனை அறை வாசலில் போய் நின்றான்.

"மூணு நாள்! மூணு நாள் உக்காந்து வரைஞ்சேன். இடது கண்ணுக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க!"

"ஓ... அதுல கண்ணெல்லாம் இருந்துச்சா?" மென்சியா கொண்டை ஊசிகளை உருவிக்கொண்டே கேட்டாள்.

"என்னது?"

"நான் பார்த்ததே இல்லையே. கூட்டத்தைப் பார்த்துக்கிட்டே கிழிச்சிடுவேன்."

"அதான்! அதான் அவ்வளவு பொய்யா இருந்துச்சு!"

ஊசி உருவிய கை நின்றது. "எது பொய்யா இருந்துச்சு?"

"பார்க்காம கிழிச்சா அது வெறும் அட்டைங்க. பார்க்கணும்... பார்த்ததும் கிழிக்க மனசு வரக்கூடாது... அப்புறமும் கிழிக்கணும். அப்பத்தானே பார்க்கிறவனுக்கு வலிக்கும்?"

மூலையில் திரைச்சீலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். மென்சியாவின் அப்பா ஓர்துன்யோ. நாடகக் குழுவே அவருடையதுதான். நடிகர்கள் வரி மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான்.

"தம்பி சொல்றதுல விஷயம் இருக்கு மகளே. ஏன் தம்பி, கிழிக்கிறதுக்குன்னே தினம் ஒண்ணு வரைஞ்சு தர்றியா?"

"நானா? கிழிக்கிறதுக்கா? செத்தாலும் மாட்டேன்!"

மறுநாள் மதியம் ஒரு படத்தோடு வந்து நின்றான்.

அடர்ந்த புருவம், அகலக் கண், கரிய மீசை. கடைசி வரிசைக்கும் தெரிந்தது. மென்சியா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த மீசையா? இவனுக்காகவா நான் பொறாமைப்படணும்? தோழியே வச்சுக்கட்டும்னு விட்டிருப்பேன்."

"நாளைக்கு மீசையைக் குறைக்கிறேன்."

"மூக்கையும்."

"வேறென்ன குறைக்கணும்?"

"உங்க வாயை."

இப்படியே நாட்கள் ஓடின. அவன் தினமும் வந்தான், ஒரு ஓரமாக உட்கார்ந்து வண்ணம் தொட்டுத் தொட்டு வரைந்தான். அவள் தினமும் ஒரு குறை கண்டுபிடித்தாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியாது. மேடையில் இப்போது அவள் படத்தைப் பார்த்தாள். அந்த ஒரு நொடிப் பார்வையில் பெண்கள் மாடம் மூக்கை உறிஞ்சியது.

ஒரு நாள் மழை. திறந்த முற்றம், அதனால் நாடகம் இல்லை. மேடைக் கூரையின் கீழே சுட்ட கஷ்கொட்டைகளை உரித்துத் தின்றபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வெள்ளிச் சரங்களாய் மழை...

"ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் வரையிற. உன் மூஞ்சியை ஒரு நாள் வரையேன்."

"கிழிக்கிறதுக்கா?"

 அவள் ஒரு கஷ்கொட்டையை உரித்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் மேடையில் நகைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே தெல்மோவின் முகம். வெட்கப்பட்டுக்கொண்டே வரைந்திருக்கிறான் போல... உதட்டோரம் ஒரு தயக்கச் சிரிப்பு.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கிழி... மகளே, கிழி!" திரைக்குப் பின்னால் ஓர்துன்யோ பதறினார்.

மென்சியா படத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மேடையை விட்டு நடந்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. நாடகக் கதைதான் தலைகீழானது!

அன்று அவளுக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவன் வேலை செய்யும் பட்டறைக்குப் போனாள். நெஞ்சுக்குள் ஒரு வார்த்தை துள்ளிக்கொண்டிருந்தது.

அங்கே ஓவியர் சங்கத்துப் பெரியவர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளில் அவர்கள் முன்னால் தனக்குப் பரீட்சை என்று தெல்மோ முன்பே அவளிடம் சொல்லியிருந்தான். தேறினால்தான் சொந்தப் பட்டறை வைக்க முடியும்.

ஒருவர் அவளை ஏற இறங்கப் பார்த்து முகம் சுளித்தார். "யாரப்பா இது? நாடகக்காரி மாதிரி இருக்கே. உனக்குத் தெரிஞ்சவளா?"

தெல்மோவின் முகம் வெளுத்தது.

"இல்... இல்லைங்க. சாமி படம் வாங்க வந்திருப்பாங்க."

 மென்சியா புன்னகைத்தாள்.

"ஆமாங்க. பேதுரு படம் இருக்கா? பயத்துல தன் குருவையே 'எனக்குத் தெரியவே தெரியாது'ன்னு சொன்னாரே, அந்தப் பேதுரு."

பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தாள். தெருமுனை வரை முதுகு நிமிர்ந்திருந்தது. அதற்குப் பிறகு முடியவில்லை.

அன்று மதியம் தெல்மோ முற்றத்தின் கடைசியில் வந்து நின்றான். நகைப்பெட்டி திறந்தது. அதே படம், அவன் முகம். அவள் பார்த்தாள். கிழித்தாள். இரண்டாக... நான்காக... எண்ண முடியாத துணுக்குகளாக. அன்று யாரும் கைதட்டவில்லை. ஓர்துன்யோ மகளின் நனைந்த கன்னத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொடுக்க வேண்டிய வரியைத் தானே மறந்துபோனார்.

மூன்றாம் நாள் மறுபடி மழை. திங்கட்கிழமை குழு அடுத்த ஊரான கொர்தோபாவுக்குக் கிளம்ப வேண்டும். மழை விட்டால் ஆட்டம் உண்டு என்ற நப்பாசையில் கொஞ்சம் பேர் மாடங்களுக்கடியில் ஒதுங்கி நின்றார்கள். மேடையில் மென்சியா துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தெல்மோ முற்றத்தைக் கடந்து ஓடிவந்தான். தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட... விரல்களில் நீலவண்ணம் கரைந்து வழிந்தது.

"இன்னிக்குப் பரீட்சைதானே உனக்கு?" அவள் நிமிராமலே கேட்டாள்.

"அங்கேருந்துதான் வர்றேன். இதுவரைக்கும் என்ன வரைஞ்சேன்னு கேட்டாங்க. நாடகத்துக்கு இருபத்திரண்டு படம்னேன். கொண்டு வான்னாங்க. எல்லாத்தையும் ஒரு பொண்ணு கிழிச்சிட்டான்னேன்."

அவள் கை நின்றது.

"அவளைத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். அன்னிக்குப் பயந்துக்கிட்டு தெரியாதுன்னு பொய் சொன்னேன், அவ நடிகை, பேரு மென்சியான்னேன்."

"அப்புறம்? தேறினியா?"

"தெரியலை. பதில் கேக்க நிக்காம ஓடி வந்துட்டேன்."

மென்சியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா... அவளுக்கே புரியவில்லை. ஆனாலும் அவ்வளவு சுலபத்தில் விடுவாளா?

"இந்த மேடையில தினம் ஒருத்தன் வந்து முட்டி போட்டு எனக்குப் பாட்டாப் பாடறான். நீ என்ன சொல்லப் போற?"

"எனக்குப் பாட்டெல்லாம் வராது மென்சியா." அவன் ஈர நெற்றியைத் துடைத்தான், நெற்றியும் நீலமானது. "நான் வரையணும்... நீ பக்கத்துல உக்காந்து குத்தம் சொல்லணும். கொர்தோபான்னா கொர்தோபாவுல. நீ எங்கே போறியோ அங்கே. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்... வேற தெரியலை."

 ஆயிரம் வரிகளை மனப்பாடமாகச் சொல்பவளுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து பழக்கமான கிசுகிசுப்பு. "மகளே... உன் முறை."

"அப்பா! கொஞ்சம் சும்மா இருங்க!"

"இருக்கேன், இருக்கேன். வண்டியில வண்ண டப்பாவுக்கு இடம் இருக்குன்னு மட்டும் தம்பிகிட்ட சொல்லிடு."

அவள் தெல்மோவின் பக்கம் திரும்பினாள். பச்சைக் கண்கள் நிறைந்து ததும்பின.

"அன்னிக்குப் பட்டறைக்கு எதுக்கு வந்தேன்னு நீ கேக்கவே இல்லையே... இதைச் சொல்லத்தான்டா வந்தேன். எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. ரொம்ப..."

மாடங்களுக்கடியில் நனைந்து நின்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, கைதட்டலுக்குத் தலைவணங்க மென்சியா மறந்துபோனாள்.