உள்பக்கத்துச் சாவி

அவள் திருப்புவதற்கு முன்பே சாவி திரும்பியது.

பூட்டுக்காரிக்கு அது பிடிக்கவில்லை. கடைத்தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா விட்டுப்போன பூட்டுக்கடையில் பள்ளிக்கூட வயதிலிருந்தே அரம் பிடித்தவள். பழைய பித்தளைப் பூட்டு எங்கே முரண்டு பிடிக்கும், எந்த இடத்தில் லேசாகத் தூக்கித் திருப்பினால் வழிக்கு வரும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்கு அத்துப்படி. இவ்வளவு வயசான பூட்டு இப்படி வழுக்கிக்கொண்டு திறக்கவே திறக்காது. உள்ளேயிருந்து யாரோ கூடச் சேர்ந்து திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

"அட, திறந்துடுச்சே!" என்றபடி விடுதி முதலாளி பெட்டியைக் கீழே வைத்தார். "சாரி மேடம், இந்தக் கதவு ரொம்ப அடம் பிடிக்கும். நான்தான் வந்து திறந்து குடுக்கணும்னு கூடவே வந்தேன். உங்களுக்கு நல்ல கைராசி."

அவருக்கு வேலைக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'சாரி சார்'. மாடிப்படி கிறீச்சிட்டதற்கு ஒரு சாரி சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறினார். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதற்கு ஒன்று, சன்னல் முழுசாக மூடாததற்கு ஒன்று, வெந்நீர்க் குழாய் சுவருக்குள் முனகுவதற்கு ஒன்று. "பழைய வட்டாரம் மேடம், சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அனுமதி வாங்கணும். கட்டடம் கொஞ்சம் முனகும், ஆனா கடிக்காது" என்று தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துக்கொண்டார். வருகிறவர்கள் அவரிடம் மயங்குவதே இதனால்தான். குறையை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், குறை சொல்ல வருகிற வாய்க்கு அப்புறம் என்ன வேலை?

அழகான அறைதான், அதில் பொய்யில்லை. உயரமான சன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக மாலை வெயில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டிலில் விழுந்து கிடந்தது. கீழே கருங்கல் பாவிய குறுகிய தெருவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம், எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி, அறைக்குள்ளேயே வண்டி ஓடுவது போலக் கேட்டது. மெழுகு தேய்த்த மரத்தின் வாசனை வந்தது. அதற்கு அடியில், மெலிதாக, இன்னொரு வாசனையும் இருந்தது. இப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த துணியின் சூட்டு வாசனை.

"இங்க துணி தேய்ப்பீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம், இப்பல்லாம் வெளிய குடுத்துடறோம். பக்கத்துல துணி அறை இருக்கு, விரிப்பு, துண்டெல்லாம் அடுக்கி வச்சிருப்போம். அந்த வாசனையா இருக்கும். சாரி."

பக்கத்தில் துணி அறை என்பது அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்த அறையையே கேட்டு வாங்கியிருந்தாள்.

அவள் தங்கை இங்கே அறைகளை ஒழுங்கு செய்கிற வேலை பார்த்தாள். ஒரு கல்யாணக் கூட்டம் வந்து தங்கியபோது மணப்பெண்ணின் மோதிரம் காணாமல் போனது. அன்றைக்கு அந்த அறையைப் பெருக்கியவள் தங்கை. "உண்மை வர்ற வரைக்கும் உள்ளயே இரு" என்று சாரி சார் அவளைத் துணி அறைக்குள் விட்டுப் பூட்டினார். பூட்டியவர் விருந்து அமளியில் மறந்துபோனார். சன்னல் இல்லாத அறை அது. வெந்நீர்க் குழாய் அதன் சுவரோடு ஒட்டித்தான் போகிறது, அன்று விடுதி நிறைய ஆட்கள், குழாய் ஓயவே இல்லை. காலையில் துண்டு எடுக்கப் போன ஒருத்தி கதவைத் திறந்து அலறினாள். 'பலவீனமான இதயம்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். உடல் வீட்டுக்கு வந்தது, கூட ஒரு மலர் வளையமும் வந்தது, சாரி சார் வரவில்லை. மோதிரம் பிற்பாடு மணப்பெண்ணின் கைப்பையிலேயே, கிழிந்த உள்துணிக்குள் கிடந்ததாம். வேலையை விட்டு வந்த சமையல்கார அம்மா சொல்லித்தான் இத்தனையும் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் தங்கை இன்னமும் திருடிதான்.

தரை சரிந்ததற்கெல்லாம் சாரி சொல்கிற வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை. திறக்க வைக்கத்தான் பூட்டுக்காரி வந்திருந்தாள். மூடிக் கிடப்பதைத் திறக்கிறதுதானே அவள் பிழைப்பு. அந்த ஆளை அதே அறையில் விட்டுப் பூட்ட வேண்டும். 'அவள் எடுக்கவில்லை' என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துக் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். பிறகு திறந்துவிட்டுவிடலாம். கொல்கிற எண்ணமெல்லாம் கிடையாது. உப்பைத் தின்றவன் கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும் என்பதுதான் அவள் நினைப்பு.

பூட்டப்படுவதற்குச் சற்று முன்னால் தங்கை அவளுக்குப் போன் செய்திருந்தாள். அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வண்ணக் கண்ணாடியில் இருந்த நிறங்கள் ஒவ்வொன்றாக வடிந்துபோய், கடைசியில் சிவப்பு மட்டும் கொஞ்ச நேரம் நின்று அதுவும் கறுத்தது. மூடாத சன்னலின் இடுக்கில் ஈரக்காற்று வந்தது, ஆனாலும் அறை குளிரவில்லை. துணி அறைப் பக்கத்துச் சுவரிலிருந்து மெல்ல மெல்ல சூடு வந்துகொண்டிருந்தது. பூட்டுக்காரி கட்டிலில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய பொய்யை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். பக்கத்து அறையில் யாரோ தட்டுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். மனிதர் சாரி சொல்லிக்கொண்டே ஓடி வந்து கதவைத் திறந்து காட்டுவார்.

கீழே பேச வேண்டி மேசைத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

மழைச் சத்தத்துக்கும் குழாயின் முனகலுக்கும் நடுவில், முதலில் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காதைத் தீட்டியதும் உள்ளங்கையால் மரத்தில் தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதே என்று கூசிக் கூசித் தட்டுவது போல. பிறகு அது நின்றது. அப்புறம் 'பட்' என்று பெரிய விரிப்பு ஒன்றை உதறுகிற சத்தம் வந்தது. மறுபடியும் உதறல். உதறியதைக் கையால் நீவி விடுகிற, சரசரவென்ற நீண்ட சத்தம்.

"சொல்லுங்க மேடம்" என்றது தொலைபேசி.

"பக்கத்து அறைல யாரோ தட்டறாங்க." ஒத்திகை பார்த்த பொய்தான், குரல் மட்டும் ஒத்திகையில் இப்படி நடுங்கவில்லை.

"அய்யோ, சாரி மேடம்! இதோ வந்துட்டேன்."

வந்தார். நடையில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கொத்துச் சாவியில் ஒன்றைத் தேடிப் போட்டுத் திருப்பி, கதவை அகலமாகத் தள்ளினார். உள்ளே இருட்டு. சுவரோரம் தட்டுத் தட்டாக வெள்ளைத் துணி அடுக்குகள் மங்கலாகத் தெரிந்தன. சூட்டு வாசனை முகத்தில் அடித்தது.

"பாருங்க, துணியும் துண்டும்தான். எலியா இருக்கும், சாரி" என்று இரண்டடி உள்ளே போனார்.

அவள் கதவை இழுத்தாள். பூட்டில் தொங்கிய சாவியைத் திருப்பி, கொத்தோடு உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. "மேடம், கதவு சாத்திக்கிச்சு போல. சாரி, கொஞ்சம் திறங்க." அப்புறம் தட்டினார். அப்புறம் குத்தினார். பூட்டுக்காரி கைபேசியைச் சாவித் துவாரத்தருகே பிடித்தாள்.

"இங்க வேலை பாத்து, இந்த அறைலயே செத்தாளே ஒருத்தி, ஞாபகம் இருக்கா? நான் அவ அக்கா. சொல்லுங்க. என் தங்கச்சி மோதிரம் எடுத்தாளா?"

உள்ளே குத்துவது நின்றது.

"எடுத்தாளா?"

"எடுக்கலம்மா. எடுக்கல. மோதிரம் கிடைச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். வெளிய சொன்னா விடுதி பேரு கெட்டுடும்னு… பூட்டிட்டு மறந்துட்டேன்மா. தட்டினது கூடக் கேட்டுது, பாட்டுச் சத்தத்துல அப்புறம் போகலாம்னு விட்டுட்டேன். சாரி. சாரிம்மா. சூடு தாங்கல, திறங்க."

கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. பதிவும் ஆயிற்று. அப்போதே திறந்திருக்கலாம்.

தட்டினது கூடக் கேட்டதாம்! இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே அவர் கெஞ்சக் கெஞ்ச அவளுக்கு இனித்தது. இனித்தது என்று ஒத்துக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமும் இல்லை. ஒவ்வொரு சாரியையும் தங்கைக்கு வாங்கித் தருகிற மாதிரி நின்று கேட்டாள்.

"அம்மா," என்றார் அவர், திடீரென்று குரலைத் தாழ்த்தி. "உள்ள யாரோ இருக்காங்க."

அவள் கைபேசியை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"இங்க யாரோ துணி உதறறாங்கம்மா. திறங்க. திறங்க. யாரும்மா அது? நான்… சாரி, சா—"

'பட்.'

பிறகு நீவுகிற சத்தம். நீளமாக. பொறுமையாக. நடுநடுவே காய்ந்த குச்சி முறிவது போல ஏதோ கேட்டது.

பூட்டுக்காரி சாவியைத் துவாரத்தில் வைத்தாள். நுழையவில்லை. திருப்பி வைத்தாள். நுழையவில்லை. ஏதோ இடித்தது. இந்தப் பூட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே துவாரம். உள்பக்கம் சாவி போட்டிருந்தால் வெளிச்சாவி போகாது. கடைக்கு வருகிற எத்தனையோ பேருக்கு அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் கொத்து முழுவதும் அவள் கையில் இருந்தது.

மண்டியிட்டாள். துவாரத்தில் கண்ணை வைத்தாள். நடுவில் பித்தளையின் மழுங்கிய நுனி. உள்ளே இன்னொரு சாவி.

"அக்கா."

தங்கையின் குரல்தான். காய்ந்து போயிருந்தது, தண்ணீர் கேட்கிற குரலாக இருந்தது.

"அவரக் கேட்டுட்ட. உன்னக் கேக்க யாருக்கா இருக்கா?"

அன்றைய போன் அவளுக்குள் முழுசாக எழுந்து வந்தது. கடையில் கூட்டம். ஒரு கையில் அரம், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். 'அக்கா, நான் எடுத்தேங்கறாங்கக்கா' என்று அழுகிறாள். எதிரே நிற்கிற ஆளின் காதில் விழுந்துவிடுமே என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள்: 'எடுத்திருந்தா குடுத்துட்டு வந்துடுடி. மானம் போகுது.' அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நிற்கிறது. 'சரிக்கா' என்கிறாள் தங்கை. அவ்வளவுதான். 'எடுத்திருந்தா' என்று ஒரே ஒரு சொல். கூடப் பிறந்தவள் வாயிலிருந்து.

"நான் எடுத்திருப்பேன்னு நினைச்சியாக்கா?"

"இல்லடி."

நடை விளக்கு அணைந்தது.

"இல்லடி கண்ணு. சத்தியமா இல்ல."

பின்னால், இருட்டில், அவள் அறைக் கதவு பூட்டிக்கொண்டது. அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பால் மாடிப்படிக் கதவு. ஒவ்வொரு பூட்டின் சத்தமும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. எழுந்து ஓட இனி வழி இல்லை. கதவின் சூடு நெற்றியைச் சுட்டது.

"அக்கா?"

"நினைச்சேன்" என்றாள். சொன்னதும் அழுகை பீறிட்டது. "நினைச்சேன்டி. கொஞ்ச நேரம். கொஞ்சமே கொஞ்ச நேரம் நினைச்சேன். என்ன மன்னிச்சுடுடி."

உள்ளே சாவி திரும்பியது. மெதுவாக. எண்ணெய் போட்டது போல. கதவு திறந்துகொண்டது, மன்னித்துவிட்டாள் என்றே அவள் நினைத்தாள்.

கைபேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

தரையில் யாரும் இல்லை. அடுக்குகள். வெள்ளை விரிப்புகள், ஓரத்தோடு ஓரம் பிசகாமல். நடுத்தட்டில், அவற்றுக்கு இடையில், சாரி சார் இருந்தார். கால் வயிற்றோடு, கை மார்போடு, தலை முழங்காலுக்குள். நாலாக மடித்து, ஒரு போர்வை அளவுக்கு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. வாய் மட்டும் மடிப்புக்கு வெளியே திறந்து கிடந்தது. உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

அவருக்குப் பக்கத்தில் இருந்த துண்டுகளை யாரோ எடுத்துக் கீழே வைத்திருந்தார்கள். அந்த இடம் காலியாக இருந்தது. துடைத்தும் வைத்திருந்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் பட்டது. சூடான கை. அது தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து விரல் நுனிக்கு, அவசரமே இல்லாமல், சுருக்கம் ஒன்று விடாமல் அவளை நீவத் தொடங்கியது.